கிற்றாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக்கோல்

ஒருவர் கைவிட்ட கிற்றாரை மலிவாக வாங்கிப் பழகத் தொடங்கிய இளையோர் பலரை நான் அறிவேன். விரல்நுனி வலி தாளாமல் சில வாரங்களில் அதை மூலையில் சாத்திவிட்டு, "எனக்கு இசை வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுவர். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் வாத்தியமே. அதன் வரலாறே இதற்குச் சாட்சி.

ஆரம்பத்தில் ஆட்டுக்குடல் தந்திகளே வழக்கில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருக்குத் தந்திகள் பரவின. ஒலி பெருகியது, கூடவே இழுவிசையும் பெருகியது. கழுத்து வளைந்தது, தந்திகள் மேலெழுந்தன. கழுத்தினுள் திருகத்தக்க உருக்குக்கோலைப் புதைக்கும் முறைக்குக் கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது குடல்நூல் சத்திரசிகிச்சைத் தையலுக்குப் போய்ச் சேர, அல்பேர்ட் ஒகஸ்டீன் நைலோன் தந்தியை உருவாக்கினார். செகோவியா அதை ஏற்றுக்கொண்டார்.

எனவே முதலில் வாத்தியம் எவ்வகைத் தந்திக்கு உரியது என்று பாருங்கள். நைலோன் கிற்றாரில் உருக்குத் தந்தி பூட்டினால் பிரிட்ஜ் பெயர்ந்துவிடக்கூடும். உருக்குத் தந்தி கிற்றாராயின் மெல்லிய தந்திகளை இட்டு, கோலைச் சிறிது சிறிதாகத் திருகிக் கழுத்தைச் சீராக்குங்கள். பின்னரே பிரிட்ஜின் மேலுள்ள எலும்புத் துண்டின் அடிப்பகுதியைத் தேய்க்க வேண்டும். 1 மில்லிமீற்றர் தேய்த்தால், 12ஆவது பிரெட்டில் தந்தி அரை மில்லிமீற்றர் தாழும். அங்கே உயரம் 2 முதல் 2.5 மில்லிமீற்றர் இருந்தால் போதும்.

அதன் பின்னரும் இசை வராவிட்டால், தீர்ப்பை அப்போது எழுதிக்கொள்ளலாம்.