பன்பரிமாண அணியும் தமிழ் நெடுங்கணக்கும்: வற்றாப்பளை என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து ஓர் ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலோரமாக அமைந்த வற்றாப்பளை, கண்ணகி அம்மன் கோயிலாலும் வைகாசிப் பொங்கலாலும் ஈழத்தமிழர் நன்கறிந்த ஊராகும். கண்ணகி ஈழம் போந்து தங்கிய இடங்களுள் இது பத்தாவதாதலின் 'பத்தாப்பளை' எனப் பெயர்பெற்றுப் பின்னர் 'வற்றாப்பளை' எனத் திரிந்தது என்பது மரபுவழிச் செய்தி. அதன் வரலாற்றுண்மை ஈண்டு எமது ஆய்வுக்குரியதன்று. வரிசையில் வகிக்கும் இடத்தையே ஒன்றன் பெயராக்கும் சிந்தனை எம்மவர்க்குப் புதிதன்று என்பதையே யாம் நோக்குகின்றோம். கணினி மொழிகளில் 'அணி' எனப்படுவதும் இத்தகையதே. அதன் உறுப்புகள் தனிப்பெயரால் அன்றி, இடஞ்சுட்டும் எண்ணால் அழைக்கப்படும்.

ஓரெண்ணாற் சுட்டப்படுவது ஒருபரிமாண அணி. நிரை, நிரல் என ஈரெண்ணாற் சுட்டப்படுவது இருபரிமாண அணி. 18 மெய்யை நிரையாகவும் 12 உயிரை நிரலாகவும் கொண்டு 216 உயிர்மெய்களைத் தரும் நெடுங்கணக்கு, இருபரிமாண அணிக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஆயின் கணினியின் நினைவகம் ஒற்றைத் தொடராகவே அமைந்தது. அட்டவணையை அத்தொடரில் அடக்கும் முறை மொழிக்கு மொழி வேறுபடும். 1957 இல் ஜோன் பக்கஸ் குழுவினர் ஐ.பி.எம். 704 கணினிக்கு ஆக்கிய போர்ட்ரான் மொழி மூன்று பரிமாணம் வரை இடமளித்தது. நிரல் நிரலாக அடுக்கிற்று. 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய 'சி' மொழி நிரை நிரையாக அடுக்கிற்று. வற்றாப்பளையின் 'றா' 17ஆம் நிரையில் 2ஆம் நிரலில் உள்ளது. ஒன்றிலிருந்து எண்ணின், நிரைமுறையில் அதன் இடம் 16×12+2, அதாவது 194. நிரல்முறையில் 1×18+17, அதாவது 35. ஒரு முறையில் எழுதியதை மறுமுறையிற் படிப்பின் கணினி பிழை எனக் கூறாது. பிறிதோர் எழுத்தையே தரும்.

வரிசை பிறழ்வதன் விளைவை எழுத்துக் குறிமுறையிலும் காணலாம். 1991 இல் வெளியான யூனிகோட், இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988 இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவியது. அதில் ரகரத்தையடுத்து றகரமும், நகரத்தையடுத்து னகரமும் வைக்கப்பட்டன. தொல்காப்பியமோ னகரத்தையே நெடுங்கணக்கின் இறுதியாகக் கொள்கின்றது. வன்னியின் மூன்று ஊர்களை நெடுங்கணக்குப்படி அடுக்கின் வவுனியா, வள்ளிபுனம், வற்றாப்பளை என வரும். யூனிகோட் எண்களை மட்டும் கொண்டு அடுக்கின் வற்றாப்பளை, வள்ளிபுனம், வவுனியா என முற்றாகத் தலைகீழாகும். ஊரட்டவணையோ பெயர்ப்பட்டியலோ தொகுப்போர்க்கு இது சிறு குறையன்று. உரிய இடத்திற் தேடுவோர்க்குக் கிடைக்காத பெயர் இல்லாத பெயராகவே கருதப்படும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. எழுத்தின் மரபிடத்தைத் தரும் அணியொன்றைச் செய்நிரலில் அமைத்து, அவ்விட எண்களையே ஒப்பிடலாம். இன்று தமிழுக்குரிய வரிசையாக்க விதிகளும் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கைக்கொள்ளாத செய்நிரலிலேயே இவ்வழு நேர்கின்றது. 2010 இல் தமிழ்நாட்டரசு யூனிகோட்டுடன் ஏற்றுக்கொண்ட டேஸ் 16 குறிமுறை, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் அளித்து, நெடுங்கணக்கின் ஈரிணைவையே எண்ணமைப்பாக்கிற்று.

எனவே, அணியின் வரிசையைக் கணினி தானே அறியாது. வகுப்போரே அதனைத் தீர்மானிக்கின்றனர். வகுப்போர் தமிழ் மரபை அறியாவிடின், எழுத்துகள் எஞ்சினும் அவற்றின் ஒழுங்கு எஞ்சாது என்பதே எமது முடிபு.