25 பேர் குடித்தால் பொதுத் தண்ணீர்

அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ஓட்டல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கிணறு, சொந்த மோட்டார், சொந்தக் குழாய். நகராட்சிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் சட்டப்படி அது ஒரு பொதுக் குடிநீர் அமைப்பு. குழாய் யாருக்குச் சொந்தம் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை, எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்றுதான் கேட்கிறது. 15 இணைப்புகள் இருக்க வேண்டும், அல்லது ஆண்டுக்கு 60 நாளாவது 25 பேருக்குத் தண்ணீர் போக வேண்டும். அந்தக் கணக்கைத் தொட்டுவிட்டால் தேவாலயமோ பள்ளிக்கூடமோ, பரிசோதனையும் பதிவேடும் தேடி வந்துவிடும்.

குடிநீருக்குத் தேசம் முழுவதற்குமான விதி முதலில் நுழைந்தது ரயில் வழியாக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டு ரயில் பெட்டிகளில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், பக்கத்தில் ஒரு தகரக் குவளை. ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரும் அதிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள். அண்ணாந்து குடிக்கிற பழக்கம் அவர்களுக்கு ஏது? கான்சஸ் மாநிலச் சுகாதார அதிகாரி டாக்டர் சாமுவேல் கிரம்பைன், காசநோயாளிகள் குடித்து வைத்த குவளையைக் குழந்தைகள் எடுத்துக் குடிப்பதை ரயிலில் பார்த்தார். 1909-இல் கான்சஸ் பொதுக் குவளையைத் தடை செய்தது. 1912-இல் மத்திய அரசும் செய்தது, ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரயில்களிலும் கப்பல்களிலும் மட்டும்.

ஊர்க் குழாய் மாநிலங்களின் விவகாரம். தொற்றுநோய் மாநில எல்லை தாண்டாமல் தடுக்கும் அதிகாரத்தை 1893-ஆம் ஆண்டுச் சட்டம் நிதித் துறைக்குக் கொடுத்திருந்தது. பொதுச் சுகாதாரப் பணி அப்போது அந்தத் துறைக்குள்தான் இருந்தது. வாஷிங்டனின் கை எட்டியது அவ்வளவுதான்.

குவளையை எடுத்தாயிற்று, சரி. தொட்டித் தண்ணீரே கெட்டதாக இருந்தால்? 1914 அக்டோபரில் குடிநீர்த் தரத்துக்கான முதல் விதி வந்தது. 10 மில்லி வீதம் ஐந்து மாதிரிகள் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் குடல் பாக்டீரியா தென்பட்டால் அந்தத் தண்ணீர் ரயிலுக்கு ஆகாது. ஈயம், தாமிரம், துத்தநாகத்துக்கெல்லாம் அளவு வந்தது 1925-இல்.

ஏட்டில் இது ரயிலுக்கு மட்டுமான விதி. ஆனால் ரயில் தொட்டி நிரம்புவது ஊர்த் தண்ணீரில் அல்லவா? ரயிலுக்கே ஆகாது என்று சொல்லப்பட்ட தண்ணீரைத் தன் ஊர் மக்களுக்குக் கொடுக்கிறார் என்ற பேச்சை எந்த மேயர் தாங்குவார்? அதிகாரம் இல்லாத அரசு கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த இந்த இடம்தான் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். பிறகு வந்த திருத்தங்களை விட்டுவிடலாம். 1962-இல் பட்டியல் 28 பொருட்களாக வளர்ந்தது என்பது போதும்.

பிரச்சினை, கட்டாயம் என்பது அப்போதும் ரயிலோடும் கப்பலோடும் விமானத்தோடும் நின்றதுதான். 1970-இல் 969 குடிநீர் அமைப்புகளின் ஆய்வு முடிவு வெளியானது. 41 விழுக்காடு தேறவில்லை. சின்ன ஊர்களின் நிலை இன்னும் மோசம்.

எல்லா ஊர்களுக்கும் விதியைக் கட்டாயமாக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் இழுத்துக்கொண்டே கிடந்தது. அதைத் தள்ளிவிட்டது நியூ ஆர்லியன்ஸ். மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் முன் கடைசியாகத் தொடும் பெரிய நகரம் அது. மேலே உள்ள ஆலைகளின் கழிவெல்லாம் கடந்து வரும் தண்ணீரைத்தான் அந்த ஊர் சுத்திகரித்துக் குடித்தது. 1974 நவம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தக் குடிநீரில் 60-க்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்களைக் கண்டதாகச் சொன்னது. அதே வாரத்தில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு அந்தத் தண்ணீரைப் புற்றுநோய்ச் சாவுகளோடு முடிச்சுப் போட்டது. கண்டவற்றுள் ஒன்று குளோரோஃபார்ம். அதைக் கொட்டியது ஆலைகள் மட்டும் அல்ல. நீரில் கரைந்த இலைதழை மக்கோடு குளோரின் சேர்ந்தால் அது தானாகவே உண்டாகும் என்று நெதர்லாந்து வேதியியலாளர் யோஹனஸ் ரூக் அந்த ஆண்டுதான் எழுதியிருந்தார். டைபாய்டை விரட்டிய மருந்தின் மேலேயே சந்தேகம் விழுந்தது. டிசம்பர் 16 அன்று அதிபர் ஃபோர்டு பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

ரயிலை விட்டு ஊருக்குள் வந்த பிறகு, எந்தக் குழாய் வரை என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும். 15, 25 என்ற எண்கள் அப்படி வந்தவை. கிருமிக்கு 24-க்கும் 25-க்கும் வித்தியாசம் தெரியாது. ஆய்வாளரை அனுப்பிச் சம்பளம் கொடுக்கிற அரசுக்குத்தான் அந்த வித்தியாசம் வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் சுமார் ஒன்றரை லட்சம் அமைப்புகள். அந்தப் பக்கம் வீட்டுக் கிணற்றை நம்பியிருக்கும் ஏறத்தாழ 4 கோடிப் பேர். அவர்கள் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி மத்தியச் சட்டம் யாரையும் கேட்பதில்லை.

கோட்டைத் தாண்டி நிற்கப் பார்த்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் மிட்வே ஹைட்ஸ் என்ற நீர் மாவட்டம், நாங்கள் கொடுப்பது பாசனத் தண்ணீர், குடிக்க அல்ல என்று வாதிட்டது. குளிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, பல் துலக்குவது எல்லாமே மனிதப் பயன்பாடுதான் என்று 1988-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1996 திருத்தம் குழாயோடு நிற்காமல் வெட்டிய வாய்க்காலையும் சேர்த்துக்கொண்டது. குடிக்கவும் சமைக்கவும் வேறு நல்ல தண்ணீர் தரப்படும் வீடுகளுக்கு விலக்கு உண்டு.

25 பேர் என்ற கணக்கில் விமானமும் தனியொரு பொதுக் குடிநீர் அமைப்பு. 2004-இல் 327 விமானங்களின் தண்ணீரைச் சோதித்தபோது ஏறத்தாழ ஏழில் ஒன்றில் கோலிஃபார்ம் பாக்டீரியா இருந்தது. 2009-இல் விமானங்களுக்கென்றே விதி எழுதினார்கள். தொட்டியை ஆண்டுக்கு நான்கு முறை கழுவிக் கிருமிநீக்கம் செய்யும் நிறுவனம் ஒரு முறை பரிசோதித்தால் போதும். ஒரே முறை கழுவுகிற நிறுவனம் மாதாமாதம் பரிசோதிக்க வேண்டும்.