பைக்குக்குப் பதிலா குதிரை: கர்ணன் படங்களும் சனிக்கிழமை சம்பளமும்

ரோஜர் கார்மன்னு ஒரு ஆளு. ஹாலிவுட்ல கொறஞ்ச காசுல படம் எடுக்கறதுல மன்னன். 1966-ல 'தி வைல்ட் ஏஞ்சல்ஸ்'னு ஒண்ணு எடுத்தாரு. செலவு சுமார் 3,60,000 டாலர்தான். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்ங்கற நெஜமான பைக் கும்பல் ஆளுங்களையே கூட்டத்துல நடிக்க வெச்சாரு. படம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. அப்புறம் என்ன, ரவுடி பைக் படமா வந்து குவிஞ்சது. அதுல நடிச்ச பீட்டர் ஃபோண்டாதான் 1969-ல 'ஈஸி ரைடர்' கொண்டு வந்தாரு.

அவங்க ஊர்ல குதிரையக் கழட்டிட்டு பைக்க மாட்டினாங்க. அதே சமயத்துல நம்ம கோடம்பாக்கம் குதிரைய வாங்கி மாட்டுச்சு!

மாட்டினவர் கர்ணன். 'கற்பகம்' (1963) மாதிரி குடும்பப் படங்களுக்கு கேமரா புடிச்சவருங்க அவரு. 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (ரெண்டுமே 1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975)னு வரிசையா எறக்குனாரு. ஹீரோ நம்ம ஜெய்சங்கர். கேமராவ தரையோட தரையா வெச்சு, குதிரை நம்ம தலை மேலயே தாண்டற மாதிரி எடுப்பாரு. பெரிய பட்ஜெட்காரங்களுக்கே வராத வித்தை அது.

"இத்தாலிக்காரன் படத்துல சுட்டது"ன்னு ஒரே வரில ஒதுக்கிடறாங்க. தொப்பி, துப்பாக்கி, பூட்ஸ் எல்லாம் சுட்டதுதான், மறுக்கல. ஆனா கதைக்குள்ள இருக்கற கோவம் எந்த நாட்டுது? பண்ணையார்கிட்ட அடி வாங்குனவன், நியாயம் கெடைக்காம ஆயுதம் தூக்கறான். அது அக்மார்க் நம்மூர் சரக்கு.

திருப்பூர் பனியன் கம்பெனில சனிக்கிழமை சம்பளம். வாரம் பூரா ஒண்ணரை ஷிப்ட் ஓட்டிட்டு கையில காசு வர்ற நாளு. எங்க சித்தப்பா கைமடிக்கிற பையனா வேலைக்குப் போனவரு. "எங்க மொதலாளிய நாங்க அடிக்க முடியுங்களா? ஜெய்சங்கர் அடிப்பாப்டி, பாத்துட்டு வருவோம்"பாரு. இதுக்கு மேல விமர்சனம் எதுக்குங்க?

அதுக்காகத் தலைல தூக்கி வெச்சு ஆடவும் முடியல. குளியல் சீனு, தேவையில்லாத கேமரா கோணம்னு கர்ணன் படத்துக்கு இருக்கற 'பேரு' தெரிஞ்சதுதான். 1980-ல வந்த 'ஜம்பு'வுல அது எல்லை மீறிப் போச்சு. எங்க சித்தியும் அதே கம்பெனிதான், செக்கிங் செக்சன். அவங்க ஒரு கர்ணன் படம்கூடப் பாத்ததில்ல. அதே மொதலாளி, அதே ஷிப்ட், ஆனா கோவத்துக்கு வடிகால் ஆம்பளைக்கு மட்டும். கார்மனோட பைக் படங்கள்லயும் பொம்பளைங்க பாடு இதேதான்.

இன்னொரு கொசுறு. சாண்டோ சின்னப்பா தேவரும் நம்ம பஞ்சாலை பெல்ட்தான், கோயமுத்தூர் பங்கஜா மில்லுல வேலை பாத்தவர். அவரு கம்பெனியே 1978-ல ரஜினிக்கு கவ்பாய் வேசம் போட்டு 'தாய் மீது சத்தியம்' எடுத்துச்சு.

2010-ல சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தப்போ ஊருக்கு ஜெய்சங்கர்புரம்னு பேரு வெச்சு மரியாதை பண்ணினாரு. கர்ணன் 2012-ல போய்ச் சேந்துட்டாரு. 'கங்கா' நல்ல பிரிண்ட் எங்கயாச்சும் இருந்தா சொல்லுங்க மக்களே. நான் பாத்ததுல குதிரை எது, ஜெய்சங்கர் எதுன்னே தெரியல.