மைசூரில் பிறந்த ஒரு மோட்டார் சைக்கிளின் வயது

மைசூர் என்றதும் தமிழ் ஆய்வுலகத்தின் நினைவுக்கு வருவன கல்வெட்டுப் படிகள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து அந்நகருக்கு மாறியது. அங்கிருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட்டது. அதே நகரின் யாதவகிரியில் உருவான மற்றொரு பொருளுக்கும் இன்று எழுத்தையும் எண்ணையும் படித்தே காலம் கணிக்க வேண்டியிருக்கிறது. அப்பொருள் ஜாவா என்றும் பின்னர் யெஸ்டி என்றும் பெயர் தாங்கிய மோட்டார் சைக்கிள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒருவர் பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்குகிறார். டேங்கில் ‘ஜாவா’ என்ற பெயர் இருக்கிறது. எஞ்சின் மூடியில் ‘யெஸ்டி’ என்று வார்த்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் 1978 என்கிறது. மூன்றும் ஒரே வண்டியில் இருப்பவை; ஆயினும் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்லவில்லை. எதை நம்புவது?

இவ்வினாவுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்கள் என வரையறுக்கிறது. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அவற்றை மூல வடிவில் பேணியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆகவே வண்டியின் வயதும் அதன் மூல வடிவமும் மெய்ப்பிக்க வேண்டிய செய்திகளாகிவிட்டன.

மெய்ப்பிக்கத் தொடங்குமுன் வண்டியின் குலவரலாற்றை அறிதல் வேண்டும். ஜாவா என்பது செக் நாட்டுப் பெயர். 1929இல் பிராகு நகரில் ஃபிரான்டிஷெக் யானெச்செக் என்பவர் ஜெர்மானிய வான்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் வடிவத்தை உரிமம் பெற்றுத் தயாரித்தார். தம் பெயரின் முதலெழுத்துகளையும் அந்நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ஜாவா’ என்ற பெயரை அமைத்தார். இரவல் வடிவத்தையும் சொந்த உழைப்பையும் ஒருசேரச் சொல்லும் பெயர் அது.

1950களில் இந்தியா அயல்நாட்டு வாகன இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு வடிவம், உள்நாட்டு ஆலை என்ற ஏற்பாடு இதனால் பரவியது. ஆங்கிலேய என்ஃபீல்டு புல்லட் சென்னைத் திருவொற்றியூரில் உருப்பெற்றது. போலந்து நாட்டு வடிவம் வட இந்தியாவில் ராஜ்தூத் ஆயிற்று. செக் நாட்டு ஜாவா மைசூருக்கு வந்தது. ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி ஆகியோர் நிறுவிய ஐடியல் ஜாவா ஆலையை 1961இல் அன்றைய மைசூர் மாநில ஆளுநர் ஜெயசாமராஜேந்திர உடையார் திறந்து வைத்தார். முன்னாள் சமஸ்தானத்தின் மன்னராக இருந்தவர், குடியரசின் ஆளுநராக நின்று ஒரு தொழிற்சாலையைத் திறந்தார் என்பது அக்காலத்தின் மாற்றத்தையும் காட்டுகிறது.

1970களின் முற்பகுதியில் ஜாவா என்ற பெயரின் இடத்தை யெஸ்டி என்ற பெயர் பிடித்தது. இப்பெயருக்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. ஈரானின் யாஸ்த் நகரிலிருந்து பம்பாய்க்குப் பெயர்ந்த ஜொராஸ்திரிய இரானிக் குடும்பங்களின் பூர்விக நினைவு அது என்பது ஒன்று. செக் மொழியில் ‘யெஸ்தி’ என்பதற்கு ‘ஓட்டுகிறார்’ என்ற பொருள் உண்டு என்பது மற்றொன்று. ஒலியொற்றுமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பது மொழிநூலார் அறிந்ததே. யாஸ்த் ஊரினரை ‘யஸ்தி’ என்றழைக்கும் பாரசீக வழக்கும், இரானிக் குடும்பங்களின் புலம்பெயர்வு வரலாறும் முதல் விளக்கத்துக்கே வலுச் சேர்க்கின்றன.

பெயர் மாறியபோது ஆலை மாறவில்லை. எஞ்சினின் அடிப்படையும் மாறவில்லை. 65 மில்லிமீட்டர் விட்டமும் 75 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றை சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் இயக்கம், இருபுறமும் செல்லும் இரண்டு சைலன்சர்கள் ஆகியவை தொடர்ந்தன. உதைத்துக் கிளப்பும் கிக்கரே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் அமைந்த புதுமையும் தொடர்ந்தது. இக்கூறுகள் வண்டியின் குலத்தைக் காட்டுமேயன்றிக் காலத்தைக் காட்டா. நெடுங்காலம் மாறாதிருந்த எழுத்தை வைத்து ஒரு கல்வெட்டின் நூற்றாண்டைக் குறுக்க இயலாததைப் போன்றதே இது.

காலத்தைக் காட்டுவன மாறிய கூறுகள். தொடக்க காலத்து வண்டிகள் செக் நாட்டின் 353 வகையை ஒட்டியவை. பின்புறச் சக்கரத்தைத் தாங்கும் ஊசல் கவையை முன்னிட்டுச் செக் மக்கள் அவ்வகையைக் ‘கீவாச்கா’ என்று அழைத்தனர். யெஸ்டி ரோட்கிங் 1978இல் வந்தது. ரோட்கிங் உடலமைப்பு கொண்ட வண்டியின் ஆர்.சி. 1974 என்று காட்டுமானால், உடலோ தாளோ இரண்டில் ஒன்று பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்று கொள்ள வேண்டும். ஒரு வடிவம் அறிமுகமான ஆண்டு, அவ்வண்டிக்கு முன்னெல்லையாகிறது.

உதிரிபாகங்களிலும் காலம் பதிந்திருக்கிறது. தொடக்கத்தில் செக் நாட்டு ஜிகோவ் கார்புரேட்டர் போன்றவை இடம்பெற்றன. உள்நாட்டுத் தயாரிப்பு வளர வளர இந்திய முத்திரைகள் பெருகின. ஆயினும் கார்புரேட்டரை ஒரு பிற்பகலில் கழற்றி மாற்றிவிடலாம். டேங்கையும் அவ்வாறே மாற்றலாம். பழைய பெயர்ப்பட்டயங்களின் புதிய நகல்கள் இன்று சந்தையில் கிடைக்கின்றன. எளிதில் மாற்றக்கூடிய உறுப்பின் சாட்சியம் எளிதில் தள்ளக்கூடியது. அவ்வகையில் டேங்கில் உள்ள பெயரே எல்லாச் சான்றுகளிலும் வலுக்குறைந்தது. வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பதிவெண்ணும் கவனத்துக்கு உரியது. மைசூர் மாநிலம் என்ற பெயர் வழங்கிய நாளின் பதிவெண்கள் ‘எம்.ஒய்.’ என்ற எழுத்துகளில் தொடங்கின. 1973 நவம்பர் 1ஆம் நாள் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989இல் நடைமுறைக்கு வந்தபின் ‘கே.ஏ.’ வரிசை தோன்றியது. மைசூர் மேற்கு அலுவலகத்துக்கு 09 என்ற எண் அமைந்தது. எனினும் கே.ஏ. 09 என்ற பலகையைக் கண்டவுடன் வண்டி 1989க்குப் பிற்பட்டது என்று முடிவு கட்டலாகாது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருக்கும் வண்டி அம்மாநிலத்தின் புதிய எண்ணைப் பெற வேண்டும் என்பது சட்டம். 1965இல் சேலத்தில் பதிவான வண்டி 1992இல் மைசூருக்குக் குடிபெயர்ந்திருந்தால், அதன் பலகை பயணத்தின் காலத்தையே சொல்லும், பிறப்பைச் சொல்லாது. பழைய ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கங்களில் வரிசையாக எழுதிய உரிமையாளர் மாற்றங்களும் அலுவலக முத்திரைகளும் இங்கு உதவும். பழைய தாளை மின்னட்டைக்கு மாற்றும்போது விடுபடக்கூடியவையும் அவைதாம்.

எஞ்சுவது சேசிஸ் எண். கைப்பிடி பொருந்தும் தலைப்பகுதியில் இரும்பில் பொறித்த அந்த எண்ணே வண்டியின் முதன்மை அடையாளம். போக்குவரத்து அலுவலகப் பணிகளுக்காக அவ்வெண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கும் வழக்கம் உண்டு. கல்வெட்டு ஆய்வாளர் மைப்படி எடுப்பதும் இதே முறைதான். இரண்டிலும் விதி ஒன்றே: படித்துப் பார்க்குமுன் மேற்பரப்பைச் சுரண்டக் கூடாது. துரு நீக்கப் பட்டறையில் சாணை பிடிக்கப்படும் ஓர் எண், மறுபடி படிக்க முடியாத ஆவணமாகிவிடும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்களோடு ஒத்திருந்தால் வண்டியின் அடையாளம் பெரும்பாலும் உறுதி. சேசிஸ் ஒத்து எஞ்சின் ஒவ்வாதிருந்தால், அது இடையில் இதயம் மாறிய வண்டி.

இவ்வளவு சுற்றி வளைக்கக் காரணம் ஆலையின் மறைவு. 1980களில் ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுசுகியும், ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற எடை குறைந்த ஜப்பானிய வடிவங்களும் சந்தையைக் கைப்பற்றின. ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று; யெஸ்டி என்ற பெயர் யாருக்கு உரியது என்ற வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்தை எட்டியது. ஜாவா 2018இலும் யெஸ்டி 2022இலும் புதிய நிறுவனத்தின் வழியே மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆனால் அவை மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் உருவாகின்றன. பெயர் உயிர்பெற்றது, யாதவகிரி ஆலை உயிர்பெறவில்லை.

தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றைப் புதுப்பித்துக் கட்டியபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினர். அங்கு அரசன் பெயர் ஒரு நூற்றாண்டைச் சொல்லும். எழுத்தின் வடிவம் மற்றொன்றைச் சொல்லும். அக்கல்வெட்டை எவரும் போலி என்று ஒதுக்குவதில்லை. ஆணையின் காலம் இது, பொறித்த காலம் இது என்று இரண்டையும் தனித்தனியே எழுதிவைப்பதே கல்வெட்டியலின் நெறி.

தொடக்கத்தில் சொன்ன வண்டிக்கும் அந்நெறி பொருந்தும். அதன் சேசிஸ் எண் 1978ஆம் ஆண்டின் பதிவோடு ஒத்தால் அது யெஸ்டி. டேங்கு மட்டும் பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஜாவா. சேசிஸ், எஞ்சின், உடல், தாள் ஒவ்வொன்றின் காலத்தையும் தனித்தனியே எழுதி விற்பவர் குறைந்த விலை பெறக்கூடும். ஆனால் அடுத்து வாங்குபவர் கைக்குச் செல்வது ஒரு மெய்யான ஆவணமாக இருக்கும். நான்கையும் ஒரே ஆண்டாக்கித் தரும் விற்பனைச் சொல், ஆலையின் பெயரால் இன்னொரு பொய்க் கல்வெட்டை வெட்டுகிறது.