படம் பளிச், குரல் மிஸ்ஸிங்... ஹேண்டிகேம் மைக் கேபிளில் என்ன கவனிக்கணும்?

வீட்டு விசேஷத்தில் தாத்தா பேசுவதை ஆசையாக வீடியோ எடுக்கிறீர்கள். போட்டுப் பார்த்தால் படம் பளிச்சுனு இருக்கும். குரல் மட்டும் கிணத்துக்குள்ளேயிருந்து வர்ற மாதிரி கேட்கும். ஹேண்டிகேமில் இருக்கும் மைக் பத்தடி தள்ளி இருப்பதால், ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாத்தையும் சேர்த்தே பதிவு செய்யும். பேசுபவர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. மீதிப் பாதி, கேபிளில் இருக்கிறது.

முதலில் ஜாக்கைப் பாருங்கள்

வெளி மைக்குக்கான 3.5 மி.மீ ஜாக் எல்லா ஹேண்டிகேமிலும் இருக்காது. இருந்தால், அது பெரும்பாலும் ஸ்டீரியோ ஜாக். அதற்கேற்ற பிளக்கில் 2 கறுப்புக் கோடுகள் இருக்கும். 3 கோடுகள் இருந்தால் அது செல்போன் மைக்; நேரடியாகச் செருகினால் சரிவர வேலை செய்யாமல் போகலாம்.

ஒயரிங் இப்படித்தான்

மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக்கில் 3 பின்கள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர் கனெக்டர் இருக்கும். பின் 2-ஐ, பிளக்கின் நுனி, நடு வளையம் இரண்டுக்கும் சேர்த்து சால்டர் செய்யுங்கள். பின் 1, பின் 3 இரண்டையும் இணைத்து பிளக்கின் அடிப்பகுதிக்குக் கொடுங்கள். அவ்வளவுதான், இடது, வலது இரண்டு பக்கமும் குரல் கேட்கும்.

இங்கேதான் ஏமாறுவோம்!

ரெடிமேடாக வரும் சில கேபிள்களில் பின் 2 நுனிக்கும், பின் 3 வளையத்துக்கும் போயிருக்கும். மைக்கிலிருந்து வரும் சிக்னல் பின் 2-ல் நேராகவும், பின் 3-ல் தலைகீழாகவும் இருக்கும். ஹெட்போனில் கேட்டால் குரல் இருக்கும். ஆனால், ஒரே ஸ்பீக்கர் உள்ள செல்போனில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரலே காணாமல்போகும். கேபிளை மாற்றிவிடலாம், தாத்தாவின் பேச்சைத் திரும்ப எடுக்க முடியுமா?

கப்பாசிட்டர் எதற்கு?

பல கேமராக்களின் மைக் ஜாக்கிலிருந்து சிறிய காலர் மைக்குகளுக்காகச் சில வோல்ட் மின்சாரம் வரும். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. பின் 2-லிருந்து போகும் ஒயரில் 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் தடுத்துவிடும். அதன் பாசிட்டிவ் கால் கேமரா பக்கம் இருக்கணும். 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் மைக்குக்கு இந்த கேபிள் உதவாது.

விசேஷத்துக்கு முன்பே...

கப்பாசிட்டர் வைக்கும் முன், மல்ட்டிமீட்டரில் ‘பீப்' வைத்து இணைப்புகளைச் சோதியுங்கள். பிறகு ஒரு நிமிஷம் பேசிப் பதிவுசெய்து, ஹெட்போன், செல்போன் ஸ்பீக்கர் இரண்டிலும் கேளுங்கள். இரண்டிலும் குரல் தெளிவாக இருந்தால், தைரியமாக எடுத்துட்டுப் போங்க!