‘டூனா’: ஒரு மீன்பெயர் வந்த வழி

நம் கடலோர மக்கள் சூரை என வழங்கும் மீனினத்தை ஆங்கிலம் ‘டூனா’ என்கிறது. இச்சொல் அரபு மொழியினூடாக வந்தது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

கிரேக்கர் இம்மீனைத் ‘துன்னோஸ்’ என்றனர். இலத்தீனில் அது ‘துன்னுஸ்’ ஆயிற்று. அதனை அரபுகள் ஏற்றுக்கொண்டனர். கி.பி. 711க்குப் பின் அந்தலூசிய அரபு வழக்கில், ‘அல்’ சேர்ந்து ‘அத்தூன்’ என அது ஒலித்தது. ‘தா’ ஷம்ஸிய்யா எழுத்தாதலால் லாமின் ஒலி மறைந்து தா இரட்டித்தது. குர்ஆன் ஓதப் பயிலும் சிறாரும் அறிந்த விதியே இது. ஸ்பானியர் அதனை ஒரே சொல்லாகக் கொண்டு ‘அதூன்’ என்றனர். அமெரிக்கக் கரையேறிய அச்சொல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் முதல் அகரத்தை இழந்து ‘டூனா’வாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அரபு வழி வந்ததற்கு அடையாளமாக நின்ற அவ்வகரமே உதிர்ந்துபோனமையால், அதன் வரலாறும் மறைந்தது.

இவ்வினத்தின் மற்றொரு மீனான ‘அல்பகோர்’ போர்ச்சுகீசியம் வழியே ஆங்கிலம் சேர்ந்தது. ‘பா’ கமரிய்யா எழுத்தாதலால் இங்கே லாம் நிலைத்தது. இளம் ஒட்டகத்தைக் குறிக்கும் ‘பக்ர்’ என்பதே இதன் மூலம் என்பர் சிலர். முந்திப் பழுத்ததைக் குறிக்கும் ‘பாகூர்’ என்பர் வேறு சிலர்.

சொல்லோடு தொழிலும் வளர்ந்தது. வசந்த காலத்தில் இனப்பெருக்கத்திற்காக ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்கும் சூரைகளை, நிலைவலைகளால் மடக்கிப் பிடிக்கும் முறை ஸ்பெயினில் இன்றும் ‘அல்மத்ரபா’ எனப்படுகிறது. ‘அடிக்கும் இடம்’ என்பது அதன் அரபுப் பொருள். சிசிலித் தீவில் சூரைவேட்டையின் தலைவர் ‘ராயிஸ்’ எனப்பட்டார். அது தலைவரைக் குறிக்கும் ‘ரஈஸ்’ அன்றி வேறில்லை.

ஆயினும், இவற்றைக் கொண்டு அனைத்தும் அரபுகளிடமே தோன்றியன எனல் பொருந்தாது. தாரிஃபாவுக்கு அருகிலுள்ள ரோமானிய நகரான பைலோ கிளாவ்தியாவில் மீன் உப்பிடும் தொட்டிகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. வேர்ச்சொல் கிரேக்கருடையது, தொழிலும் முன்னோர் விட்டுச்சென்றது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் வழங்கிய ‘டன்னி’ என்னும் பெயர் அரபைத் தொடாமலே அதே வேரினின்று வந்தது.

பிறரிடம் பெற்றதைப் பேணி, தம் முத்திரையும் பதித்து, அடுத்தவர்க்கு வழங்கியதே அந்தலூசிய முஸ்லிம்களின் பணி. அதற்கு மேல் உரிமை கோருவது வரலாறாகாது. அதனைக் குறைத்துரைப்பதும் நேர்மையாகாது.