துச்சாதனன் ஏற்றும் கற்பூரம்: வேடமும் வதைக்கும் சுதந்திரமும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில் ஊர்களில் துகிலுரிதல் கூத்து பார்த்தவர்களுக்கு அந்த இடைநிறுத்தம் நினைவிருக்கும். சேலையில் கை வைக்கும் முன் துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, செய்யப்போவதைப் பொறுத்தருள வேண்டுகிறார். பிறகுதான் மீசையை முறுக்கிக்கொண்டு சபைக்குத் திரும்புகிறார். இழுக்கும்போதே அருள் வந்து சாய்கிறவர்களும் உண்டு.

ஆயுதம் ஏந்தாதவரை வதைக்கும் வேடத்தை மனிதன் எப்படிச் சுமப்பது? வேடமேற்று ஆடும் வீடியோ கேம்களைப் பற்றிய விவாதம் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. ஊர்மக்களைக் கொல்ல விடலாமா, கூடாதா என்பதோடு நின்றுவிடுகிறது.

2011இல் வந்த ஸ்கைரிம் கேமில் கடைக்காரரை வெட்டலாம். குழந்தை மேல் எத்தனை வாள்வீச்சு விழுந்தாலும் அது சாகாது. 1997இன் ஃபால்அவுட் குழந்தையையும் கொல்ல விட்டது. கொன்றவனுக்குக் ‘குழந்தைக் கொலையாளி’ என்று பட்டம் சூட்டி, கூலிக்கொலையாளிகளைப் பின்னால் ஏவியது. ஐரோப்பியப் பதிப்பில் குழந்தைகளையே மறைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் இது வேடிக்கையில் முடிந்தது: கண்ணுக்குத் தெரியாத சிறுவர்கள் ஆடுபவரின் பையில் கைவிட்டுத் திருடிக்கொண்டிருந்தார்கள். மறைத்தது குழந்தைகளை அல்ல, ஆடுபவரின் பொறுப்பை என்றே நான் வாசிக்கிறேன்.

தமிழ் மரபு மறைக்கவில்லை. போருக்கு முன் பெண்டிரையும் பிணியாளரையும் அரண் சேரச் சொல்லும் அறத்தை நெட்டிமையார் புறநானூற்றில் பாடினார். அதே மரபின் தொல்காப்பியம் ‘ஊர்கொலை’யை, பகைவர் ஆநிரையைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாக எண்ணுகிறது. பெயரிட்டு வைத்ததால்தான் அதைப் பற்றி இன்று வழக்காட முடிகிறது.

கூத்தாடிக்குத் தேர்வு ஏது, கதைதான் இழுக்கச் சொல்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். என் வாதமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கதை கட்டிப்போட்டவர் மன்னிப்புக் கேட்கிறார். தானே தேர்ந்து வெட்டியவரோ, சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி, கடைக்காரரிடமே பேரம் பேசுகிறார். ஆக, சுதந்திரத்தின் அளவை மட்டும் வைத்து ஒரு கேமை எடைபோட முடியாது. நடந்ததை அது நினைவில் வைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2015இன் அண்டர்டேல் வைத்தது. தாயாகப் பரிவு காட்டிய டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் பழைய இடத்துக்குத் திரும்பி அவளை உயிரோடு விட்டாலும், ஃபிளவி என்ற பூ வழிமறித்து, நீ முன்பு செய்தது எனக்குத் தெரியும் என்கிறது. துச்சாதனன் கற்பூரம் ஏற்றும்போது சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கிறது. நள்ளிரவில் மடிக்கணினி முன் தனியே ஆடுபவருக்கு அந்தப் பூ ஒன்றுதான் சாட்சி.